நிலத்தடி மேகம்

தாழ்மேகப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. இடைமேகப் பிரிவு முதல் மாடியில். உயர்மேகப் பிரிவு இரண்டாம் மாடியில், குளிரூட்டியோடு. மேகத்தின் நிழலைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தார்கள். நிலக்காட்சி ஒப்புதல் ஆணையத்துக்குள் முதல்முறை நுழைகிற யாருக்கும், பரவாயில்லையே, யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். மேகக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கட்டடத்தைப் பற்றி அவன் நல்லவிதமாக நினைத்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

மேகக்காரன் என்பது வேலை பார்க்கும் இடத்தில் அவனுக்கு வைத்த பெயர். கட்டப்போகும் கட்டடங்களை முன்கூட்டியே கணினியில் படமாக்கிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. மொத்தம் நாலு பேர். ஒருவர் கட்டடத்தை எழுப்புவார். ஒருவர் மரம் நடுவார். மூன்றாமவர், நடைபாதையில் குழந்தையின் கையைப் பிடித்து நடக்கும் குடும்பத்தைக் கொண்டுவந்து வைப்பார்; எல்லாப் படத்திலும் அதே குடும்பம். வானம் இவன் பொறுப்பு.

மேகத்தை அவன் உட்கார்ந்து வரைகிறான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வரைவதில்லை. கணினிக்கு மேகம் என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் இடம், அவ்வளவே. அடி எவ்வளவு உயரத்தில், தடிமன் எவ்வளவு என்று சொல்லிவிட்டால், உலகத்தின் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு உண்டாகும். அதற்குள் எங்கே அடர்த்தி, எங்கே ஓட்டை என்பதை ஒரு சிதறல் கணக்கு தீர்மானிக்கும். பிறகு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கேமராவிலிருந்து ஒரு கோடு கிளம்பும். அடுக்குக்குள் நுழைந்ததும் அது அடிமேல் அடி வைத்து நடக்கும். ஒவ்வோர் அடியிலும் நின்று, இங்கே மேகம் உண்டா, எவ்வளவு உண்டு, வெயில் இதுவரை எட்டுகிறதா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளும். பல லட்சம் கோடுகள் இப்படி விசாரித்து வந்து சொன்ன பதில்தான் நாம் பார்க்கிற வெள்ளைத் துணுக்கு. யாராவது கேட்டால் டீ ஆறிப்போகும்வரை இதை விளக்க மேகக்காரன் தயாராக இருந்தான். யாரும் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கணினிக்குத் தரை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் கடல்மட்டம். மேகத்தின் அடி ஆயிரத்து இருநூறு என்று எழுதினால், கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டரில் கொண்டுபோய் வைத்துவிடும். அங்கே காற்று இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்று பார்க்காது. அதை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தக் கணினி நிரலை எழுதியவர்கள் நம்பிவிட்டார்கள்.

இனி ஆணையம். கட்டடம் விற்பவர்கள், அந்த இடத்தில் இல்லாத வானத்தைப் படத்தில் காட்டி ஆளை மயக்குகிறார்கள் என்று ஒரு காலத்தில் புகார் கிளம்பியது. நியாயமான புகார்தான். அதை விசாரிக்க ஆணையம் அமைத்தார்கள். ஏமாற்றை ஒழிக்க ஆணையம் கண்டுபிடித்த வழி, இனி எல்லோரும் ஒரே வானத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது. அது எந்த வானம் என்று முடிவு செய்ய, முதல் தலைவர் தம் அறை ஜன்னலைத் திறந்தார். கடற்கரையை ஒட்டிய கட்டடம். வெளியே அளவான மேகம். எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர், ஆயிரத்து இருநூறு இருக்கும் என்றார். விதி 14 அப்படிப் பிறந்தது: தாழ்மேகத்தின் அடி 1,200 மீட்டர். எங்கிருந்து என்று விதியில் இல்லை. ஆணையத்தின் கட்டடமே கடல்மட்டத்துக்கு நாலு மீட்டர் மேலே இருந்ததால், அந்தக் கேள்வி பன்னிரண்டு வருடமாக யாருக்கும் வரவும் இல்லை.

விதியைச் சரிபார்க்க இரண்டு சோதனைகள். ஒன்று, படத்தின் கோப்பைத் திறந்து எண்ணைப் பார்ப்பது. மற்றது, அச்சிட்ட படத்தின் வானத்தின் மேல், கட்டம் போட்ட ஒரு கண்ணாடித்தாளை வைத்து, எத்தனை கட்டங்களில் தாழ்மேகம் தெரிகிறது என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவது. நூற்றிருபது கட்டத்தில் முப்பத்தாறு தேறவேண்டும். முப்பத்தைந்து என்றால் வானம் திரும்பி வரும்.

மேகக்காரன் இந்த வாசலை மிதித்தது அக்காவுக்காக. அக்கா ஒரு மலையூரில் நர்ஸ். ஊர் ஆயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தது. பெரிய மருத்துவமனை மலையடிவாரத்தில். இடையில் நாற்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். போன மழைக்காலத்தில் அக்கா பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். மேலிருந்து எண்ணினால் பதினேழாவது வளைவில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. அந்த வளைவில் ஒரு சமதளம். அதில் ஆணையத்தின் ஓய்வு இல்லம். நிலக்காட்சியை நேரில் கண்டு ஆராய்வதற்காகக் கட்டியது. ஆறு அறை, வெந்நீர்க் குழாய், மின்சாரம் போனால் தானே ஓடும் ஜெனரேட்டர். வருடத்தில் ஒன்பது நாள் ஆள் வரும். அக்கா கேட்டைத் தட்டினாள். காவலாளி கெட்டவர் அல்ல. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். அப்படிக் கேட்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். ஜீப்பின் பின்னிருக்கையில் குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா ஏறாத படி இல்லை. மலையூரிலேயே ஆறு படுக்கையுள்ள பிரசவக் கட்டடம் கட்ட உத்தரவு வாங்கினாள். மண் சோதனை முடிந்தது. குடிநீர் இணைப்பு, தீயணைப்பு, எல்லாக் கையெழுத்தும் வந்தாயிற்று. கட்டில்கள்கூட வந்து, அக்கா வீட்டு முன்னறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகவேண்டும். பாக்கி, நிலக்காட்சிப் படத்துக்கு ஒப்புதல். நூறு நாளுக்குள் அது வராவிட்டால் உத்தரவு காலாவதி, கட்டில்கள் வேறு ஊருக்கு.

"ஏண்டா, ஆறு கட்டில் போட ஆகாயத்தை எதுக்குடா கேக்கறாங்க?" என்றாள் அக்கா போனில்.

"அது விதிக்கா. ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றான் மேகக்காரன். தன் தொழிலில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நம்பிக்கையில் சொன்னது. தொழில் அவனுக்குத் தெரிந்திருந்தது உண்மைதான்.

முதல் படத்தில் தாழ்மேகத்தை இரண்டாயிரத்து முந்நூறில் வைத்தான். ஊருக்கு மேலே அறுநூற்றறுபது மீட்டர். உண்மையில் அந்த ஊரில் வெயில் நாளில் மேகம் நிற்கிற இடம். அழகாக வந்தது. தாழ்மேக அலுவலர் சட்டைப் பையில் அளவுகோல் செருகியிருந்த மனிதர். படத்தைப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து எண்ணைப் பார்த்தார்.

"ஆயிரத்து நூறு கூடுதல்" என்றார்.

"சார், ஊரே ஆயிரத்து அறுநூத்தி நாப்பதுல இருக்கு."

"ஊர் எங்க இருந்தா எனக்கென்னங்க? நான் தாழ்மேகம்."

மேகக்காரன் திரும்பிப் போய், விதிப்படி ஆயிரத்து இருநூறு என்று எழுதினான். கணினி கொஞ்சமும் தயங்காமல் மேகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது. அது ஊருக்குக் கீழே நானூற்று நாற்பது மீட்டர், பாறைக்குள். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக வந்தது. எண் சோதனையில் முழு வெற்றி. கட்டச் சோதனையில் பூஜ்ஜியம். "மேகம் காணப்படவில்லை" என்று முத்திரை குத்தி வானம் திரும்பி வந்தது. அதற்குள் முப்பத்தொரு நாள் ஓடிவிட்டது, ஏனென்றால் நிராகரிப்பதற்கும் மூன்று தளமும் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

தாழ்மேகத்தில் குறை இருக்கும் படத்தை உயர்மேகப் பிரிவு எதற்குப் பார்க்கவேண்டும் என்று மேகக்காரன் கேட்டான். உயர்மேக அலுவலருக்கு அது பிடிக்கவில்லை. தம்முடைய மேகங்கள் முழுக்கப் பனித்துகளால் ஆனவை என்றும், கீழே இருப்பவர்களுடையது வெறும் தண்ணீர் என்றும், வெறும் தண்ணீர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுத் தாம் முடிவெடுக்க முடியாது என்றும் விளக்கினார். அவர் சொன்னதில் பனித்துகள் பற்றிய பகுதி சரிதான்.

நேரில் விளக்கினால் புரிந்துவிடும் என்று மேகக்காரன் நினைத்தான். விளக்கினால் புரியும் என்று நம்புவது அவனோடு பிறந்த வியாதி. தாழ்மேக அலுவலரின் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தான். இதுதான் சார் மேகம் என்றான். அதன் மேல் பத்துப் பன்னிரண்டு கோப்புகளை அடுக்கினான். இதுதான் மலை, மலை உச்சியில் ஊர் என்று ரப்பர் முத்திரையை மேலே வைத்தான். இப்போது ஊரில் நின்று பார்த்தால் மேகம் தெரியுமா என்று கேட்டான்.

அலுவலர் குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"தாள் எங்க இருக்கு?"

"ஃபைலுக்கு அடியில சார்."

"இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா..."

"இருக்கு. இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு. இருக்கறது வெளிய தெரியலன்னா, அது மேகத்தோட குத்தமில்லை. மறைக்கறது எதுவோ அதோட குத்தம்."

அப்படிச் சொல்லிவிட்டு, தம் வாயிலிருந்து வந்த வார்த்தையின் ஆழத்தில் தாமே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, மேகம் தரைக்கு அடியில் இருப்பதை விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டுவிட்டதால், நிலத்தடி நீர்த் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் இந்த விண்ணப்பம் இனி ஓர் அங்குலமும் நகராது என்றார். மேகம் என்பது நீர். அது நிலத்தடியில் இருக்கிறது. வேறு எந்தத் துறையைக் கேட்பது?

மேகக்காரன் நிலத்தடி நீர்த் துறைக்குப் போனான். அவர்கள் அவனைப் பைத்தியம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வரலாம் என்பது அவன் திட்டம். அங்கே அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். நானூற்று நாற்பது மீட்டர் என்றான். அவ்வளவு ஆழத்தில் இதுவரை யாரும் மேகம் கண்டதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். பத்தொன்பதாம் நாள் சான்று தயாராக இருந்தது. "மேற்படி இடத்தில் 440 மீட்டர் ஆழத்தில் மேகம் இருப்பதில் இத்துறைக்கு ஆட்சேபணை இல்லை. எக்காரணம் கொண்டும் அதை வெளியே எடுக்கக் கூடாது."

அதை அவன் அக்காவுக்குப் படித்துக் காட்டினான்.

"இங்க ஜன்னலைத் தொறந்தா மேகம் உள்ள வருதுடா" என்றாள் அக்கா. "நாலு நாளா காயப்போட்ட துணி காயல. அதுங்களுக்கு மேகத்தைப் பாக்கணும்னா ஒரு நடை வரச் சொல்லு. இந்த மாசம் மூணு பேருக்கு நாள் நெருங்குது."

ஐம்பத்தெட்டாம் நாள் ஆணையத்தின் முழுக்கூட்டம். நீள மேசை. ஆளுக்கொரு கட்டத்தாள். மூன்று மேகங்களும் அவரவர் மாடி வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். நிழல் அலுவலருக்கு நாற்காலி போதவில்லை, நின்றார். நடுவில் தலைவர். மேகக்காரன் எழுந்து, பூஜ்ஜியம் என்றால் என்ன, தரை என்றால் என்ன, இரண்டுக்கும் உள்ள தூரம் ஊருக்கு ஊர் எப்படி மாறும் என்று பொறுமையாகச் சொன்னான். விதியில் "தரையிலிருந்து" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் நாட்டில் உள்ள எல்லா மலையூர்களின் சிக்கலும் தீர்ந்துவிடும் என்றான். போன மழைக்காலத்தில் இறந்த பெண்ணைப் பற்றியும் சொன்னான். எந்த வளைவு என்று சொன்னான். யாருடைய கேட் என்பதையும் சொன்னான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார். "ஆனா அதை எந்தத் தலைப்புல பதியறதுன்னு நீங்களே சொல்லுங்க. தாழ்மேகத்துல வராது. நிழல்ல வராது. விடுங்க. இப்ப விஷயத்துக்கு வருவோம். படம் நெசம் மாதிரி இருக்கணும்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. நெசம் ஊருக்கு ஊர் மாறும். அதை வெச்சுக்கிட்டு எப்படி நிர்வாகம் பண்றது? இந்தப் பன்னெண்டு வருஷத்துல எங்களைக் கேக்காம ஒரு மேகம் நகந்ததில்ல. இன்னைக்கு உங்க மலைக்காக விதியை மாத்தினா, நாளைக்கு இன்னொரு மலை வந்து நிக்கும். நாட்டுல மொத்தம் எத்தனை மலை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்றேன்."

எல்லோரும் தலையசைத்தார்கள். மேகத்தை ஏற்ற விதி விடாது. வெளியே எடுக்க நிலத்தடி நீர்த் துறை விடாது. முப்பத்தாறு கட்டத்துக்குக் குறைந்தால் கண்ணாடித்தாள் விடாது. அப்போது உயர்மேக அலுவலர், இரண்டாம் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர், மெதுவாகக் கேட்டார்:

"மலையை இறக்க முடியுமா?"

மேகக்காரன் நேர்மையானவன். எந்தக் கேள்விக்கும் தெரிந்த பதிலைச் சொல்லிவிடுவான். முடியும் என்றான். நிலத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கழித்தல் குறியும் ஓர் எண்ணும் போட்டால் மலை, ஊர், சாலை, மரம், அந்தக் கைப்பிடித்து நடக்கும் குடும்பம் எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும். நாலு நொடி வேலை. நானூற்றைம்பதோ அறுபதோ இறக்கினால் ஊர் மேகத்துக்குக் கீழே வந்துவிடும் என்றும் சொன்னான், கேட்காமலே.

"நானூத்தி அறுபதெல்லாம் வேண்டாம்" என்றார் தலைவர். "ஆணையத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. முழுசா ஐநூறு இறக்குங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிழல் அலுவலருக்கு வாக்கு இல்லை.

மேகக்காரன் மலையை ஐந்நூறு மீட்டர் இறக்கினான். ஊர் ஆயிரத்து நூற்று நாற்பதுக்கு வந்தது. அறுபது மீட்டர் மேலே மேகம் ஜம்மென்று நின்றது. கட்டம் நாற்பத்தொன்று தேறியது. இன்னொன்றும் நடந்தது. அடிவார நகரம் உண்மையில் முந்நூறு மீட்டரில் இருந்தது; ஐந்நூறு இறக்கியதும் கடல்மட்டத்துக்குக் கீழே இருநூறு மீட்டருக்குப் போய்விட்டது. கணினி தன் கடமையைச் செய்தது. பூஜ்ஜியம்வரை கடலை நிரப்பியது. மலையின் அடிச்சரிவில் அலையடித்தது.

அதை அழித்துவிடலாமா என்று மேகக்காரன் கேட்டான். அங்கே ஒரு நகரம் இருக்கிறது, பெரிய மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னான்.

"படத்துல தெரியலையே" என்றார் இடைமேக அலுவலர். அந்த நூறு நாளில் அவர் பேசியது அது ஒன்றுதான். கடல் நன்றாக அமைந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று குறிப்பு எழுதினார்கள். மலையூரில் கடல் தெரிவது சாதாரண விஷயமா?

தொண்ணூற்றோராம் நாள் தாழ்மேக அலுவலர் கடைசி முட்டுக்கட்டையைக் கண்டுபிடித்தார். படத்தில் ஊர் ஆயிரத்து நூற்று நாற்பது. விண்ணப்பத்தின் ஏழாம் கட்டத்திலோ ஆயிரத்து அறுநூற்று நாற்பது. இரண்டும் ஒத்துப்போகாத விண்ணப்பத்தில் தாம் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் தம் கழுத்துக்குத்தான் கத்தி வரும் என்றார். படத்தை மாற்ற முடியாது, அது முழுக்கூட்டம் ஏற்றது. படிவத்தை மாற்றுங்கள்.

"ஊர்ப் பேரையும் எடுத்துடுங்க" என்றார். "அந்த ஊர் அந்த உயரத்துல இல்லைன்னு யாராவது வழக்குப் போடுவாங்க. சாலையைப் போடுங்க, உயரத்தைப் போடுங்க, போதும்."

மேகக்காரன் இடத்துக்குத் திரும்பி வந்து படிவத்தைத் திறந்தான். எழுதுவதற்கு முன், பழக்கதோஷம், அந்த மலையின் உண்மையான நிலக்கோப்பையும் திறந்தான். இறக்காத மலை. மலைச் சாலையின் மேல் சுட்டியை வைத்து, ஊரிலிருந்து வளைவு வளைவாக இறங்கினான். ஓரத்தில் உயரம் ஓடியது. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து நானூற்றைம்பது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூற்று நாற்பதில் சுட்டியை நிறுத்தினான். கீழே ஒரு சமதளம் தெரிந்தது. சமதளத்தில் ஒரு நீளக் கூரை. எத்தனையாவது வளைவு என்று அவன் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இரண்டு முறை எண்ணினான்.

கொஞ்ச நேரம் கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஏழாம் கட்டத்தில் எழுதினான்: மலைச் சாலை, 1,140 மீட்டர் உயரத்தில் உள்ள சமதளம். வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் யாருக்கும் விளக்காமல், படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அலுவலர் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தார். படத்தில் 1,140. படிவத்தில் 1,140. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. இந்த வேலையை முதல்நாளே செய்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று அறிவுரை சொல்லிக் கையெழுத்திட்டார். கோப்பு மூன்று தளமும் ஏறியது. தொண்ணூற்றெட்டாம் நாள் தலைவரின் கையெழுத்தோடும் வட்ட முத்திரையோடும் ஆணை வந்தது. மலைச் சாலையில் 1,140 மீட்டர் உயரத்தில் உள்ள சமதளத்தில் ஆறு படுக்கைப் பிரசவப் பகுதி அமைவதை ஆணையம் ஒப்புகிறது. இதே இடத்தில் வேறு எந்தப் பயன்பாடும் இன்றுமுதல் செல்லாது. கடைசி வரி எல்லா ஆணையிலும் அச்சில் இருப்பது, யாரும் படிப்பதில்லை.

அக்கா படித்தாள். மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளை மூன்று முறை படிக்காமல் ஊசி போடாதவள்.

"ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னா எந்த வளைவுடா?" என்றாள் போனில்.

"பதினேழு."

மறுமுனையில் கட்டில் ஒன்றை யாரோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஜீப்புக்கு ரெண்டு நடை ஆகும்" என்றாள். "வெச்சுடறேன்."

காவலாளிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று இந்தமுறையும் கேட்டார், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அக்கா கம்பிக்கு நடுவே ஆணையை நீட்டினாள். அவர் முத்திரையைப் பார்த்தார். தம் வேலை நியமனத்தாளில் இருப்பதும் அதே முத்திரை, அதே கையெழுத்து. கேட்டைத் திறந்துவிட்டு, முதல் கட்டிலின் ஒரு முனையைத் தாமே பிடித்தார். அந்த வாரத்திலேயே இரண்டு குழந்தைகள் பிறந்தன.

இதை நல்ல முடிவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மலையூரில் இன்னும் கட்டடம் இல்லை. வலியெடுத்தால் இன்னும் பதினாறு வளைவு இறங்கத்தான் வேண்டும். ஆனால் நாற்பத்திரண்டு இறங்க வேண்டாம், பதினேழாவதில் கேட் திறந்திருந்தது.

ஆணையம் கொதித்தது. ஆணையை ரத்து செய்ய வழி பார்த்தார்கள். ரத்து செய்ய வேண்டுமானால் உயரம் தவறு என்று சொல்லவேண்டும். உயரம் தவறு என்றால் முழுக்கூட்டம் மலையை இறக்கியது தவறு. மலையைத் திரும்ப ஏற்றினால் மேகம் மறுபடி நிலத்தடிக்குப் போகும். நிலத்தடி நீர்த் துறையின் சான்றைக் கேட்காமல் அங்கே கை வைக்க முடியாது. அதற்கான கோப்பு இப்போது தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

அது வந்து சேரும்வரை பொறுக்காமல் தலைவர் நேரிலேயே கிளம்பிப் போனார். வருடாந்திர நிலக்காட்சி ஆய்வு என்று பயணக் குறிப்பில் எழுதிக்கொண்டார். பகல் மூன்று மணிக்குக் கார் பதினேழாவது வளைவில் நின்றது. கேட் சாத்தியிருந்தது. உள்ளே கொடியில் சின்னச் சின்னத் துணிகள் தொங்கின. அவர் வழக்கமாகத் தங்கும் அறையின் ஜன்னலில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் இறங்கிப் போய்க் கேட்டைத் தட்டினார்.

காவலாளி வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

"அனுமதிக் கடிதம் இருக்குங்களா?" என்றார்.

தலைவர் தாம் யார் என்று சொன்னார். காவலாளி அதை மறுக்கவில்லை. பிரசவப் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை, அக்காவைக் கேட்டுவிட்டு வருகிறேன், ஆனால் அவர் இப்போது உள்ளே வேலையாக இருக்கிறார், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றார். உட்கார நாற்காலி இல்லை என்பதற்காக வருந்தினார். பிறகு தம் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் கேட்டுக்கு வெளியே நின்றார். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மேகம் சரிவைத் தொட்டுக்கொண்டே ஏறி வந்து, விதித்த உயரத்துக்கு அறுபது மீட்டர் கீழே, யாரையும் கேட்காமல், அவரையும் காரையும் சேர்த்து மூடியது.